மணற்கும்பியில் ஒரு பிறை

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)

 

இந்தத் தொடரிலே கதையைப் பற்றியும் கவிதையைப் பற்றியும் நாட்டார் பாடல்களைப் பற்றியும் பலர் பேசியிருக்கிறார்கள். நான் இன்று பேச எடுத்துக்கொண்டது ஒரு கல்லைப் பற்றி. கல்லுக்கும் இலக்கியத்துக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். படிக்கத் தெரியாதவன் கையிலே புத்தகமும் ஒரு கனமான பொருள்தான். இந்தக் கல்லை நான் எப்படிப் படித்தேன், எப்படிப் பிழையாகப் படித்தேன் என்பதுதான் இன்றைய பேச்சு.

2006ஆம் ஆண்டு நோன்பு மாதம். சாய்ந்தமருதிலே என் தங்கச்சியின் வீட்டு வேலை நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஊர்ப் பக்கத்திலே வீடு பெண் பிள்ளைக்கு உரியது என்பது நேயர்கள் அறிந்ததே. வாப்பா கடல் உழைப்பிலும் வயல் உழைப்பிலும் மிச்சம் பிடித்துத் தங்கச்சிக்குக் கட்டிக்கொடுத்த வீட்டை, 2004 டிசம்பர் 26ஆந் திகதி காலையிலே கடல் வந்து எடுத்துக்கொண்டு போனது. இலங்கையிலே அன்று மிகக் கூடுதலான உயிர்களை இழந்தது எங்கள் அம்பாறை மாவட்டம். உயிர் தப்பியவர்கள் மீண்டும் கட்டத் தொடங்கியபோது கரையோரம் முழுவதும் ஒரே நேரத்தில் வீடு, பாடசாலை, பள்ளிவாசல், கடை என்று எழும்பின. அத்தனைக்கும் மணல் வேண்டும். கடல் மண்ணில் உப்பு, சுவருக்கு ஆகாது. ஆகவே ஆற்று மணல் றக்டர் றக்டராக வந்து ஒழுங்கைகள் தோறும் கும்பி கும்பியாகக் கொட்டப்பட்டது.

மேசன்மார் அந்த மணலை அரிதட்டிலே எறிந்து அரிப்பார்கள். நொய்மணல் தட்டுக்குப் பின்னால் விழும். சல்லியும் கூழாங்கல்லும் முன்னால் சரிந்து கிடக்கும். அந்தக் கழிவுக் கும்பியிலே விளையாடிக்கொண்டிருந்த என் தங்கச்சியின் மகன், அப்போது எட்டு வயது, ஓடி வந்தான்.

"மாமா, இஞ்ச பாருங்க. பிறை மாதிரி ஒரு கல்லு."

வாங்கிப் பார்த்தேன். என் பெருவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிது. வெள்ளைப் பளிங்குக்கல். ஒரு பக்கம் நேர். அந்த நேர் விளிம்பு பிளேட் போலக் கூர். மறு பக்கம் வளைவு. அந்த வளைவு முழுவதும் சின்னஞ்சிறு கொத்தல்கள், யாரோ பல்லால் கடித்துக் கடித்து மழுங்கடித்தது போல. பையன் சொன்னது சரி. தலைப்பிறையை வானத்திலிருந்து இறக்கி உள்ளங்கையில் வைத்தது போல் இருந்தது.

"எங்க எடுத்த, மருமகன்?"

"அரிச்ச கல்லுக்க கிடந்திச்சு."

பளிங்குக்கல் எங்களுக்குப் புதிதல்ல. சிறு வயதிலே இரண்டு வெள்ளைக் கற்களை இருட்டிலே உரசி, உள்ளே மின்னும் மஞ்சள் வெளிச்சத்தைப் பார்த்து, பிறகு அந்தக் கரிந்த மணத்தை முகர்ந்து விளையாடியவர்கள்தான் நாங்கள். ஆனால் இந்தக் கல்லைக் கண்டதும் என் நெஞ்சு அடித்துக்கொண்டது. காரணம், நான் வாசித்திருந்த ஒரு செய்தி.

எங்கள் ஆற்றைச் சற்று நினைத்துப் பாருங்கள். சிங்களத்தில் கல் ஓயா. தமிழில் பட்டிப்பளை ஆறு. மடுல்சீமை மலைகளிலே பிறந்து, நில்கல காட்டு வழியாக இறங்கி, இங்கினியாகலையிலே சேனாநாயக்க சமுத்திரமாகத் தேங்கி, பிறகு எங்கள் வட்டைகளுக்குத் தண்ணீர் தந்து, கல்முனைக்குத் தெற்கே ஒலுவில் பக்கமாகக் கடலில் விழுகிறது. ஏறத்தாழ 108 கிலோமீற்றர். நாங்கள் உண்ணும் ஒவ்வொரு பிடி சோற்றிலும் அந்த ஆறு இருக்கிறது.

அந்த நில்கலவிலேதான், 1907ஆம் ஆண்டு, சுவிற்சர்லாந்தின் பாசல் நகரத்தைச் சேர்ந்த போல் சரசின், பிறிட்ஸ் சரசின் என்ற இரு உறவினர்கள் ஒரு குகையைத் தோண்டினார்கள். அவர்கள் அதற்கு முன்பும், 1880களிலே, இலங்கைக்கு வந்து வேடர்களைப் பற்றி ஆராய்ந்தவர்கள். நில்கல குகையின் மண்ணிலே பளிங்குக்கல்லால் ஆன சிறு கருவிகளைக் கண்டார்கள். அடுத்த ஆண்டு, 1908இல், இலங்கையின் கற்காலம் என்ற பொருள்படும் பெயரிலே ஜெர்மன் மொழியில் ஒரு நூலே வெளியிட்டார்கள். அதற்கும் முன்னால் 1885 அளவிலே, மலைநாட்டிலே ஜோன் போல், ஈ.ஈ. கிறீன் என்ற இரு வெள்ளைக்காரர்கள் இப்படிப்பட்ட கற்களைப் பொறுக்கியிருந்தார்கள்.

பின்னர் பி.ஈ.பி. தெரணியகல வந்தார். பலாங்கொடைப் பண்பாடு என்ற பெயரை நிலைநிறுத்தியவர் அவர். 1956இலே பெல்லன்பெந்திப் பெலஸ்ஸ என்ற இடத்திலே அந்த மனிதர்களின் எலும்புக்கூடுகளை அகழ்ந்தெடுத்தார். அவரது மகன் சிரான் தெரணியகல அந்த வேலையைத் தொடர்ந்து 1992இலே இலங்கையின் வரலாற்றுக்கு முந்திய காலத்தைப் பற்றிப் பெருநூல் ஒன்றைத் தந்தார். வடக்கே எங்கள் இரணைமடுவின் பெயரால் அழைக்கப்படும் பழைய சரளை மண்படிவும் செம்மண்ணும் தெற்கே பூந்தலைக் கரையிலும் உண்டு. அங்கே கிடைத்த கற்கருவிகளுக்கு ஏறத்தாழ 1,25,000 ஆண்டு வயது சொன்னார். களுத்துறை மாவட்டத்துப் பாஹியன் குகையிலே கிடைத்த நுண்கற்கருவிகள் 48,000 ஆண்டுகளுக்கு முந்தியவை என்று 2019இலே ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு, அதே குகையின் எலும்பு முனைகள் அம்பு எய்ததற்குச் சான்று என்றும் எழுதினார்கள். முக்கோணம், சரிவகம், பிறை என்று அளவெடுத்தாற்போல் வடிவம் கொண்ட இந்த நுண்கற்கள், ஐரோப்பாவிலே பரவுவதற்கு எத்தனையோ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இலங்கைக் காடுகளிலே இருந்திருக்கின்றன.

பிறை! அந்த ஒரு சொல் எனக்குப் போதுமாயிருந்தது. இந்த விபரங்களில் பாதியை அப்போதே வாசித்திருந்தேன். நில்கலக் குகையிலிருந்து ஆறு உருட்டிக்கொண்டு வந்து, என் தங்கச்சியின் வாசலிலே போட்ட கல் இது என்று அக்கணமே முடிவு கட்டிவிட்டேன்.

அன்று தராவீஹ் தொழுகைக்குப் பிறகு தேத்தண்ணிக் கடையிலே கல்லைக் காட்டினேன். கை மாறி மாறிப் போனது. ஒருவர் வெளிச்சத்திலே பிடித்துப் பார்த்தார். ஒருவர் மேசைக் கண்ணாடியிலே கீறிப் பார்த்தார். கண்ணாடியிலே கோடு விழுந்தது; கடைக்காரர் ஏசினார். அப்போது ஒருவர் சொன்னார்:

"அப்ப நம்மட ஆக்கள்தான் இஞ்ச முதல் இருந்திருக்காங்க, என்ன சேர்?"

கடை முழுவதும் ஓமென்றது. நானும் மறுக்கவில்லை. அன்றிரவு ஸஹர் வரைக்கும் விழித்திருந்து ஒரு கட்டுரை எழுதினேன். தலைப்பையும் போட்டுவிட்டேன். நான்கு பக்கத்திலே 'நாம்' என்ற சொல் எத்தனை முறை வந்தது என்று பிறகு எண்ணிப் பார்த்தேன். அதை இங்கே சொல்ல வெட்கமாயிருக்கிறது.

மறுநாள் என்னோடு படிப்பிக்கும் காரைதீவு நண்பரிடம் கட்டுரையைக் கொடுத்தேன். அவர் நிதானமானவர். வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மாஸ்டர், இதை நீங்க போட்டா அடுத்த கிழமை எங்கட ஊர்ல ஒருத்தர் இது எங்கட ஆக்கள் எண்டு எழுதுவார். அதுக்கடுத்த கிழமை அம்பாறையில ஒருத்தர் எழுதுவார். கல்லு ஒண்டு, எழுதிறவங்க மூண்டு பேர். கல்லு ஆரோட பேசினது?"

நான் பேசாமல் இருந்தேன். நேயர்களே, எங்கள் மாவட்டத்திலே 'முதலில் வந்தது யார்' என்பது ஏட்டுக் கேள்வி அல்ல. காணிக் கச்சேரியிலும் தேர்தல் மேடையிலும், சில காலங்களிலே துவக்கு முனையிலும் கேட்கப்பட்ட கேள்வி அது. 1949இலே கல்லோயாத் திட்டம் தொடங்கிய நாளிலிருந்து ஆற்றுக்கு மேலேயும் கீழேயும் அந்தக் கேள்வி ஓய்ந்ததில்லை. அந்தக் கேள்விக்கு ஒரு கல்லைத் தூக்கிக் கொடுக்க நான் புறப்பட்டிருந்தேன்.

"முதல்ல தெரிஞ்ச ஆரிட்டயாவது காட்டுங்க" என்றார் நண்பர்.

பெருநாள் கழிந்ததும் கண்டிக்குப் போனேன். தொல்லியல் கற்று, பல அகழ்வுகளிலே வெயிலிலும் சேற்றிலும் வேலை செய்த ஒருவர் அங்கே இருந்தார். கல்லை அவர் மேசையிலே வைத்தேன். அவர் கல்லைத் தொடவில்லை. முதலிலே என்னிடம் கேட்டார்: "எங்கே கிடந்தது?"

"மணற்கும்பியில்."

"மணல் எங்கேயிருந்து?"

"ஆற்றிலிருந்து."

"ஆற்றில் எந்த இடம்? எத்தனை அடி ஆழம்? அதோடு வேறு என்ன கிடந்தது?"

எனக்கு விடை தெரியவில்லை. அதன் பிறகுதான் அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்தார். அடுத்த ஒரு மணித்தியாலம் எனக்கு நடந்தது பாடம். நாற்பது பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிற நான் ஒரு பிள்ளையாக இருந்து கேட்டேன்.

அவர் சொன்னதை என்னால் முடிந்த அளவு எளிமையாகச் சொல்கிறேன். இழைவு நுண்மையான ஒரு கல்லிலே, ஓர் ஓரமாகப் பார்த்து இன்னொரு கல்லால் அடித்தால், சிப்பியின் உட்புறம் போல வளைந்த ஒரு செதில் கழன்று வரும். அடி விழுந்த இடத்துக்குக் கீழே கொப்புளம் போல ஒரு சிறு மேடு. அதைச் சுற்றி, குளத்தில் கல் எறிந்தாற்போல் அலை அலையாக வளையங்கள். இந்த மூன்றும் கண்ணுக்குத் தெரிந்தால் கையால் அடித்த செதிலென்று ஓரளவு நம்பலாம். ஆனால் இலங்கைப் பளிங்குக்கல் அப்படி நல்ல பிள்ளையாக உடைவதில்லை. அதற்குள்ளே ஏற்கெனவே வெடிப்புகள் உண்டு. அடித்தால் அந்த வெடிப்பு வழியே நொறுங்கும். கொப்புளமும் தெரியாது, வளையமும் தெரியாது. அதனால் பழைய மனிதர்கள் பல வேளைகளில் சிறிய கூழாங்கல்லைப் பட்டடைக்கல்லின் மேல் நிறுத்தி, மேலிருந்து ஒரே அடியாக அடித்தார்கள். அப்படி வந்த துண்டிலே இரண்டு முனையும் நசுங்கியிருக்கும்.

அவர் முற்றத்துக்குப் போய் ஒரு வெள்ளைக் கல்லை எடுத்து, அம்மிக்குழவியின் உடைந்த துண்டொன்றின் மேல் வைத்து அடித்துக் காட்டினார். பத்துப் பன்னிரண்டு சில்லுகள் பறந்தன. அவற்றிலே நாலைந்து, கத்தி போலக் கூர். "பார்த்தீர்களா?" என்றார். "கூர்மை ஒன்றையும் நிரூபிக்காது. ஆறு உடைத்தாலும் கூர் வரும். றக்டர் சில்லு ஏறினாலும் கூர் வரும். மனிதனைத் தேட வேண்டுமென்றால் மழுங்கிய பக்கத்தைப் பாருங்கள்."

எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். இந்தப் பிறைக் கற்களைத் தனியாகக் கையிலே பிடிப்பதில்லை. மரப்பிசின் வைத்து, தடியிலோ அம்பிலோ வரிசையாகப் பதிப்பார்கள். பிசினுக்குள் இருக்கிற பக்கம் கூராக இருந்தால் மரத்தைப் பிளந்துவிடும், கையையும் வெட்டும். ஆகவே அந்தப் பக்கத்தை வேண்டுமென்றே கொத்தி மழுங்கச் செய்தார்கள். ஒரே திசையிலே, ஒரே அளவிலே, விளிம்பு முழுக்கத் தொடர்ந்து வரும் கொத்தல்கள். இயற்கை ஒரு கொத்தல் போடும், இரண்டு போடும். ஒழுங்காக ஏழு போடுவது அரிது.

என் கல்லின் முதுகிலே ஏழு கொத்தல்கள் இருந்தன. என் முகத்தைப் பார்த்து அவர் சிரித்தார். "அவசரப்படாதீர்கள். நிறத்தைப் பாருங்கள்" என்றார். கண்ணாடி வழியே பார்த்தேன். ஐந்து கொத்தல்களின் குழிகளிலே பழுப்புக் கறை. ஆற்றுச் சரளையிலே நெடுங்காலம் கிடந்த கற்களுக்கு ஏறும் இரும்புக் கறை. இரண்டு கொத்தல்கள் மட்டும் பச்சை வெள்ளை. அந்த இரண்டும் புதியவை. மண்வெட்டியோ, அரிதட்டோ, றக்டர்ப் பெட்டியோ செய்தது.

"மற்ற ஐந்தும்?"

"பழையவை. எவ்வளவு பழையவை என்று கறையைக் கொண்டு சொல்ல முடியாது."

பிறகு அவர் சொன்னதுதான் என் கட்டுரையின் முதுகெலும்பை முறித்தது. "இது நில்கலவிலிருந்து வந்திருக்காது. அவ்வளவு தூரம் ஆற்றிலே உருண்ட கல்லுக்கு இப்படிக் கூர் மிஞ்சாது. தேய்ந்து தேங்காய்ப்பூட்டுப் போல ஆகியிருக்கும். அத்தோடு அணை கட்டிய பிறகு மேலேயிருந்து ஒரு கூழாங்கல்லும் உங்கள் பக்கம் இறங்க முடியாது. இது கருவியென்றால், கிடந்த இடம் உங்களுக்கு மிகக் கிட்டத்திலேதான்."

ஒரு வாசல் மூடியது. அதைவிடப் பெரிய வாசல் திறந்தது போல் இருந்தது. "அப்படியானால் இது கருவிதானா?" என்று கேட்டேன்.

"இருக்கலாம்" என்றார். "இருக்கலாம் என்பதற்கு மேலே ஒரு சொல்லும் சேர்க்காதீர்கள். ஒற்றைக் கல் சாட்சி சொல்லாது. கருவி செய்த இடமென்றால், செய்து முடித்த ஒன்றுக்குப் பக்கத்திலே கழித்த சில்லு நூறு இருக்கும். அடித்த மூலக்கல் இருக்கும். அவை ஒரே மண்ணடுக்கிலே சேர்ந்து கிடக்க வேண்டும். ஆறு எல்லாக் காலத்தையும் ஒன்றாகக் கலக்கிவிடும். இரத்தினபுரியிலே மாணிக்கம் தோண்டுகிறவர்களைக் கேளுங்கள். அந்த 'இல்லம்' சரளையிலே, இன்று இலங்கையில் இல்லாத நீர்யானையின் எலும்பும் காண்டாமிருகத்தின் பல்லும் கற்கருவியும் கலந்து வருகின்றன. எது எதனோடு வாழ்ந்தது என்று சொல்வது எவ்வளவு கடினம்!"

இந்தப் பாடத்தை உலகம் இலேசில் கற்கவில்லை. பிரான்சிலே சொம் ஆற்றங்கரையிலே, அபெவில் என்ற ஊரின் சுங்க அதிகாரி பூஷே த பேர்த் என்பவர், ஆற்றுச் சரளையிலே அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு கைக்கோடரிகளைக் கண்டு 1847இல் எழுதி அச்சிட்டார். அறிஞர்கள் சிரித்தார்கள். 1859இலே இங்கிலாந்திலிருந்து பிரெஸ்ற்விச், ஜோன் எவன்ஸ் முதலியோர் நேரிலே வந்து, கல் மண்ணடுக்கில் கிடந்தபடியே கிடக்கக் கண்ட பிறகுதான் உலகம் ஒத்துக்கொண்டது. ஆனால் அந்த நல்ல மனிதரும் ஒரு பிழை விட்டார். கண்டெடுக்கும் கூலியாட்களுக்குப் பணம் கொடுத்தார். பணம் வந்ததும் பொய்க் கற்களும் வந்தன. 1863இலே ஒரு பொய்த் தாடையெலும்பும் வந்து பெரும் அவமானமாயிற்று.

அதே 1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆந் திகதி, சென்னைக்குப் பக்கத்திலே பல்லாவரத்தில், றொபேட் புறூஸ் பூட் என்ற நிலவியலாளர் சரளைக் குழியொன்றிலே ஒரு கைக்கோடரியைக் கண்டெடுத்தார். சில மாதங்களிலே, கொசஸ்தலையாற்றுப் படுகையின் அத்திரம்பாக்கத்திலே அவரும் அவரது தோழர் வில்லியம் கிங்கும் மேலும் பல கண்டார்கள். அந்த இடத்தை அவர்கள் சரியாகக் குறித்து வைத்தார்கள். அதனாலேதான் 1999இலிருந்து சாந்தி பப்பு அங்கே மீண்டும் அகழ முடிந்தது. 2011இலே அக்கருவிகளின் வயது ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டு என்று அறிவிக்க முடிந்தது. 1863இலே எழுதிய ஒரு குறிப்பு ஒன்றரை நூற்றாண்டு கழித்துப் பலன் தந்தது.

கண்டியிலிருந்து திரும்பும் பஸ்ஸிலே எனக்கு ஒரு பழைய நினைவு வந்தது. சின்ன வயதிலே, மஃரிபுக்குப் பிறகு பள்ளிவாசலிலே எங்களுக்கு ஹதீஸ் பாடம் சொல்லித்தந்த மௌலவி, ஒவ்வொரு செய்தியையும் சொல்வதற்கு முன்னால் ஒரு பெயர் வரிசையை ஓதுவார். இன்னாரிடம் இன்னார் கேட்டார், அவரிடம் இன்னார் கேட்டார் என்று. எங்களுக்கு அலுப்பாயிருக்கும். "கதையைச் சொல்லுங்க" என்று ஒரு நாள் ஒருவன் கேட்டுவிட்டான். மௌலவி கோபிக்கவில்லை. "மனே, செய்தி எவ்வளவு அழகாக இருந்தாலும், இந்தச் சங்கிலியிலே ஒரு கண்ணி அறுந்திருந்தா அது ளயீப், பலவீனமானது. அழகைப் பார்த்து நம்பக் கூடாது" என்றார்.

என் கல்லின் சங்கிலியை எண்ணிப் பார்த்தேன். நான், பையன், அரிதட்டு, மணற்கும்பி, றக்டர், ஆற்றங்கரை. நடுவிலே இரண்டு கண்ணி தெரியாது. செய்தியோ அவ்வளவு அழகு!

அறுந்த கண்ணியைத் தேடிப் போனேன். மணல் ஏற்றிய றைவரைக் கண்டுபிடித்தேன். நல்ல பொடியன். "சேர், அண்டைக்கு ரெண்டு இடத்து மண் கலந்துதான் கொண்டாந்த. ஒண்டு ஆத்துக்க அள்ளினது, மத்தது கரையை வெட்டினது" என்றான். 2007இன் தொடக்கத்திலே ஒரு காலை அந்தக் கரைக்கு என்னைக் கூட்டிப் போனான். கிழக்கிலே மீண்டும் சண்டை மூண்டிருந்த காலம். இரண்டு சோதனைச் சாவடியிலே இறங்கி ஏறினோம். கல் பார்க்கப் போகிறேன் என்று சொன்னபோது நம்பாமல் பார்த்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அந்த இடத்தின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் நாளைக்கே நாலு பேர் மண்வெட்டியோடு போவார்கள். கரையை வெட்டிய முகம் சுவர் போல நின்றது. மேலே ஓராள் உயரத்துக்குக் கருங்களி. அதன் கீழே ஒரு முழ அளவிலே சரளையடுக்கு. சரளைக்குள்ளே வெள்ளை வெள்ளையாக, உருளாத, கோணலான சில்லுகள். ஒரு முழ நீளத்துக்குள்ளே பதினொன்று எண்ணினேன். கை நீண்டது. பிறகு கண்டி மனிதரை நினைத்துக் கையை மடக்கிக்கொண்டேன். இலங்கையிலே 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி, பழம்பொருளைத் தேடி அனுமதியில்லாமல் தோண்டுவது குற்றம். அதைவிட, பிடுங்கினால் சங்கிலி மறுபடி அறுந்துவிடும். ஐந்து ரூபாய்க் குத்தியைப் பக்கத்திலே வைத்துப் படம் எடுத்தேன். தூரத்தைக் காலடியால் அளந்து எழுதினேன். ஊருக்கு வந்து உரிய இடங்களுக்குக் கடிதமும் எழுதினேன். பதில் வரவில்லை. காலம் அப்படி.

2009இலே யுத்தம் முடிந்த பிறகு அதே றைவரோடு மறுபடி போனேன். சுவர் இல்லை. கரையே இல்லை. அந்த இடத்திலே ஒரு பெரிய மடு, அதற்குள்ளே தண்ணீர், தண்ணீரின் மேலே தாமரை. எருமைகள் இறங்கி நின்றன. அந்தப் பதினொரு சில்லும் எந்தெந்த வீட்டுச் சுவரிலே கொங்கிறீற்றாய்க் கிடக்கின்றனவோ! அந்தச் சுவர்களிலே ஒன்றுக்குள் என் தங்கச்சி நித்திரை கொள்கிறாள். கரையை வெட்டியவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. வெட்டிய மண்ணாலே கட்டியது எங்கள் வீடுதானே.

றைவர்தான் மெல்லக் கேட்டான்: "சேர், அது பெறுமதியான இடமா?"

"இருக்கலாம், தம்பி" என்றேன்.

யார் முதலில் வந்தது என்ற கேள்விக்கு வருகிறேன். அந்தச் சில்லுகளை அடித்தவர்கள் மனிதர்களாயிருந்தால், அவர்கள் பேசிய மொழி தமிழுமல்ல, சிங்களமுமல்ல. அவர்கள் தொழுத திசை எதுவென்று எவருக்கும் தெரியாது. எலும்புகளை ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் கென்னடி, பலாங்கொடை மனிதருக்கும் வேடர்களுக்கும் உடல்வழித் தொடர்ச்சி உண்டு என்று கருதினார். அந்த வேடர்களிலே ஒரு பகுதியினர் கல்லோயாப் பள்ளத்தாக்கிலே வாழ்ந்தார்கள். அணை கட்டி நீர் ஏறியபோது அவர்களும் இடம்பெயர்ந்தார்கள். ரத்துகலையிலே அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் இருக்கிறார்கள். முதலில் வந்தது நாங்கள் என்று கரையிலே நின்று நாங்கள் மூன்று கூட்டமும் சத்தமிட்டபோது, எங்கள் வாதத்துக்கு அவர்களை எவரும் சாட்சிக்குக்கூடக் கூப்பிடவில்லை. என் கட்டுரையிலும் அவர்களைப் பற்றி ஒரு வரி இருக்கவில்லை. அந்த நாலு பக்கத்தையும் நான் கிழித்துப் போட்டேன்.

நேயர்களே, ஆற்று மணல் உங்கள் வாசலுக்கும் வரும். வட்டையிலே வரம்பு வெட்டும்போதும், வாய்க்கால் தோண்டும்போதும் இப்படி ஒரு கல் உங்கள் கண்ணிலே படலாம். அப்போது சில காரியங்களை மட்டும் நினைவில் வையுங்கள். கல்லைத் தட்டிப் பார்க்காதீர்கள். தேய்த்துக் கழுவாதீர்கள், கறையும் ஒரு சாட்சி. மண்ணடுக்கிலே பதிந்திருந்தால் பிடுங்காதீர்கள். பக்கத்திலே ஒரு காசுக் குத்தியை வைத்துப் படம் எடுங்கள். திகதி, இடம், ஆழம், யார் கண்டது என்பதை அன்றைக்கே எழுதுங்கள். எடுத்துக் கொடுப்பவனுக்குப் பணம் கொடுக்காதீர்கள். பிறகு தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். பதில் பிந்தினாலும் உங்கள் குறிப்பு பழுதாகாது. அத்திரம்பாக்கத்திலே 1863ஆம் ஆண்டுக் குறிப்பு காத்திருந்தது போல அதுவும் காத்திருக்கும்.

அந்தக் கல்லைக் கண்ட என் மருமகன் இப்போது மீசை முளைத்த வாலிபன். கல் அவனிடம்தான் இருக்கிறது. கண்டியிலிருந்து வந்த அன்று அவனை உட்காரவைத்து ஒரு கடித உறையிலே எழுதச் சொன்னேன். எட்டு வயதுக் கையெழுத்திலே இப்படி இருக்கிறது: 'கண்டது நான். சாச்சி வீட்டில் இல்லை, எங்கட வீட்டு மண்கும்பியில். மண் ரெண்டு இடம். மாமா சொன்னார், கருவியாக இருக்கலாம்.'

'இருக்கலாம்' என்ற சொல்லின் கீழே இரண்டு முறை கோடு போட்டிருக்கிறான். நான் போடச் சொல்லவில்லை.